ரெஜின் தூசே எழுதிய ஒரு பக்கம்

எங்கள் ஊரில் ரெஜின் தூசேயிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர்கள் இரண்டு வகை. சாகும்வரை சைக்கிளில் போவது என்று முடிவெடுத்தவர்கள் ஒரு வகை. அவரிடம் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியிலேயே அந்த முடிவுக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. மீதிப் பேரெல்லாம் இன்றைக்கும் வியெர்ஸோன் ரயில் பாலத்துக்கு அடியில் வளையும்போது, பக்கத்து இருக்கையில் யாருமே இல்லாவிட்டாலும், பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லும் "கண்ணாடி" என்ற குரலைக் கேட்டுத் தலையைத் திருப்புகிறார்கள். நானும் திருப்புகிறேன். பத்திரிகையின் உள்ளூர்ப் பதிப்புக்கு இருபது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். மேயர் குரல்கூட அத்தனை நாள் காதில் நின்றதில்லை.

ரெஜினின் அப்பா ரயில் பணிமனையில் கொதிகலன் தொழிலாளி, பழுத்த கம்யூனிஸ்ட். அம்மா பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குத் தங்க விளிம்பு தீட்டியவர். ரெஜின் கல்யாணம் செய்துகொண்டது ஓட்டுநர் தேர்வு நடத்தும் அதிகாரி ஒருவரை. பகலில் ரெஜினின் மாணவர்களைத் தோற்கடித்துவிட்டு ராத்திரி அதே முகத்தோடு சாப்பாட்டு மேசைக்கு வருவார். எட்டு வருடம் அப்படியே ஓடியது. "சூப்புக்கும் மார்க் போட்டார். நான்தான் வண்டியை ஓரங்கட்டினேன்," என்பார் ரெஜின். மணமுறிவுக்குப் பிறகு அப்பாவின் பெயருக்கே திரும்பினார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக மொத்தத்தில், சொல்லித்தருபவருக்கான வலப்பக்க இருக்கையில், இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்தார்.

அறுபத்துநான்கு வயதில், வாரத்துக்கு மூன்று மாணவர்கள் மட்டும் போதும் என்று குறைத்துக்கொண்ட பிறகு, சுயசரிதை வட்டத்தில் சேர்ந்தார்.

இந்த வட்டம் நகர நூலகத்தின் மாடியில், மாதத்தின் முதல் செவ்வாய், மதியம் மூன்று மணிக்குக் கூடும். நம் நாட்டில் பூனை வளர்க்காதவர்கள்கூட இருக்கலாம், தன் வாழ்க்கையை எழுதி வைக்காதவர்கள் அபூர்வம். யார் வேண்டுமானாலும் எழுதியதைக் கொண்டுவந்து கொடுக்கலாம், வட்டம் எதையும் வேண்டாமென்று சொல்லாது. கையெழுத்துப் பிரதிகளின் எண்களைச் சீட்டில் எழுதி, சாலட் கீரை அலசும் கம்பிக் கூடையில் போட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எது விழுகிறதோ அதை அவர் முழுக்கப் படித்து, ஒரே ஒரு பதில் பக்கம் எழுதவேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். எழுதியவர் வாயைத் திறக்காமல் தனி நாற்காலியில் உட்கார்ந்து கேட்கவேண்டும். கையெழுத்துப் போட்டால் பிரதியும் பதில் பக்கமும் சேர்த்துத் தைக்கப்பட்டு அலமாரிக்குப் போகும். மறுத்தால், காரணத்தை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். காரணம் மட்டும் வட்டத்தின் அலமாரியில் இருக்கும். இரண்டு முறை மறுக்கப்பட்ட வாசகர் வட்டத்திலிருந்து வெளியே.

ரெஜினுக்கு ஏற்கெனவே ஒரு மறுப்பு ஆகிவிட்டது. முதல் வருடம் அவருக்கு விழுந்தது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் முந்நூறு பக்க வாழ்க்கை. ரெஜின் எழுதியது இது: "இவர் நாற்பது வருடம் எல்லா வீட்டு வாசலுக்கும் போயிருக்கிறார். எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. என்னையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்." தபால்காரர் மறுத்தார். காரணம் என்ற இடத்தில் "மரியாதை இல்லை" என்று எழுதிவிட்டு, கொண்டுவந்திருந்த பிளம் பழ ஜாமையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம், 2012இல், கூடையிலிருந்து வந்த சீட்டைப் பார்த்து அறையில் இருந்த பதினொரு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். பத்துப் பேர் தப்பித்த நிம்மதியில். ரெஜினுக்கு விழுந்திருந்தது அர்மான் வெர்தியேயின் 'நான் அல்லாத உப்பு'.

வெர்தியே உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியராக இருந்தவர். எழுபத்திரண்டு வயது, லினன் கோட்டு, சைக்கிள். இருபத்தைந்து வருடமாக எழுதிய 'நான் அல்லாத உப்பு' நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். முற்றுப்புள்ளி கிடையாது. சில பக்கங்களில் ஒரே ஒரு சொல். நூற்றுமூன்றாம் பக்கத்தில் எழுத்தே இல்லை, நடுவில் சிகரெட்டால் சுட்ட ஒரு ஓட்டை. எல்லோரும் அதை மதித்தார்கள், யாரும் படிக்கவில்லை. 'நான்' என்பது சாமான்களை எண்ணி வைக்கும் அலமாரி அல்ல, மொழி தடுக்கி விழும்போது கேட்கும் சத்தம் என்று ஒருமுறை என்னிடம் பேட்டி கொடுத்தார். பேப்பரில் போட்டேன். மறுநாள் ஒரே ஒரு வாசகர் போன் செய்தார், வாத்தியாருடைய அலமாரி காணாமல் போய்விட்டதா என்று கேட்டு.

அவரும் ரெஜினிடம் கற்றுக்கொண்டவர்தான். 1990இல் நான்கு முறை தேர்வுக்குப் போய் நான்கு முறையும் தோற்றார். நான்காவது முறை ஒரு ரவுண்டானாவில் ஏழு சுற்று சுற்றியிருக்கிறார்.

"எந்தப் பக்கம் வெளிய போகணும்னு தெரியலையான்னு கேட்டேன்," என்றார் ரெஜின். "தெரியும் மேடம், அந்தத் தெருவுல போக இஷ்டமில்லன்னார். தேர்வு அதிகாரி பின்னாடி உக்காந்து பேனாவ மூடினார். என் புருஷன்தான்."

வட்டத்தின் செயலாளர் செவெரின், நூலக ஊழியர், நல்ல மனசு. அன்றைக்குப் படிக்கட்டில் ரெஜினைப் பிடித்துக்கொண்டார்.

"ரெஜின், இந்தத் தடவ வம்பு வேணாம். இன்னொரு மறுப்பு வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"படிக்கறதுக்கு முன்னாடியே என்ன வம்பு?"

"'இங்கே மொழி தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு மௌனத்தை அடைகிறது'ன்னு ஒரு வரி போட்டுடு. நான் அஞ்சு பேருக்குப் போட்டுருக்கேன். ஒருத்தர்கூட மறுத்ததில்ல."

"அப்படின்னா என்ன?"

"எனக்கென்ன தெரியும். அவங்க கண் கலங்குது, கையெழுத்துப் போடறாங்க. அவ்ளோதான்."

ரெஜின் அந்த வரியை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வட்டத்தை விட அவருக்கு மனமில்லை. மற்ற நாட்களில் அவர் சொல்வதெல்லாம் இடது, வலது, மெதுவாக. செவ்வாய்க்கிழமையில்தான் அவரிடம் யாராவது முழு வாக்கியத்தில் ஏதாவது கேட்டார்கள்.

படிப்பது எளிதாக இல்லை. வீட்டில் திறந்தால் நாலாம் பக்கத்தில் தூக்கம் வந்தது. அதனால் புத்தகத்தைக் காரில் வைத்து, மாணவர் வரும்வரை உரக்கப் படித்தார். மாணவர் வந்த பிறகும் சில சமயம் படித்தார். அந்த வசந்தத்தில் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் பெர்னதெத். ஐம்பத்திரண்டு வயது, சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சிப் பிரிவு, சிவப்பு விளக்கில் வண்டி அணையாமல் நிற்கும் என்பதை இன்னும் நம்பாதவர். ஒரு நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில். ரெஜின் எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தார்.

"வெங்காய ஒளி கொழுப்பில் அழுகிறது / கிளறு கிளறு சிவப்பு உறங்கிவிடாதபடி / என் தோலுக்குள் யாரோ என்னை ஊற்றுகிறார்கள் / ஒரு நூல் என்னைக் கட்டி இரண்டாக்குகிறது / ஊசியால் குத்து சிவந்தால் இன்னும் நான் வரவில்லை."

பெர்னதெத் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மேடம் தூசே, இது என்ன புஸ்தகம்?"

"கவிதை. ஒருத்தரோட வாழ்க்கை."

"வாழ்க்கையா? இது பூதேன். பன்னி ரத்தத்தக் குடல்ல அடைக்கறோமே, அது. வெங்காயத்தக் கொழுப்புல வதக்கணும். ரத்தம் உறையாம கிளறிட்டே இருக்கணும். குடல்ல ஊத்தி நூல் போட்டுக் கட்டணும். வெந்நீர்ல போட்டு ஊசியால குத்திப் பாக்கணும். ரத்தம் வந்தா வேகலன்னு அர்த்தம். கிரீம விட்டுட்டார், அதத் தவிர எல்லாம் சரி."

"கிரீம் அடுத்த பக்கத்துல இருக்கு," என்றார் ரெஜின். "'பனி நதி ஒரு கரண்டி'ன்னு."

"ஒரு கரண்டி பத்தாது."

கேட் திறந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பின்னால் ஐந்து வண்டிகள் ஹாரன் அடித்தன.

அன்று இரவு ரெஜினுக்குத் தூக்கம் வரவில்லை, இந்த முறை புத்தகத்தை மூடவே முடியாததால். எங்கே பார்த்தாலும் பன்றி இறைச்சிக்கடை. விடியல் கொக்கியில் தொங்கியது. ஞாபகம் அரைக்கப்பட்டது. முதல் காதல் உப்புநீரில் மூன்று வாரம் ஊறியது. கடவுளுக்குக்கூட ஒரு ஏப்ரன் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அப்பா என்ற சொல் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை.

ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும், ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், ரவுண்டானாவிலிருந்து மூன்றாவது தெருவில், 1968 வரை வெர்தியே பன்றிக்கடை என்று ஒன்று இருந்தது. வாசலில் சமையல்காரத் தொப்பி போட்ட பீங்கான் பன்றி. வாத்தியார் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இறைச்சி சாப்பிடுவதில்லை என்று விருந்துகளில் தட்டைத் தள்ளுவார். எல்லோரும் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் ரெஜினைப் பார்த்தேன். இரண்டு பதில் பக்கம் வைத்திருந்தார். ஒன்று செவெரினின் வரியில் ஆரம்பித்தது. இன்னொன்று அவருடையது.

"எத வாசிப்பீங்க?"

"உனக்கு எதுக்கு? பேப்பர்ல போடவா?"

"மறுத்துட்டா வெளிய போகணுமே."

"வெர்தியேயும்தான் பரீட்சையில நாலு தடவ தோத்து வெளிய போனார். செத்தா போயிட்டார்?" என்றார். ஆனால் குரலில் பழைய கூர்மை இல்லை.

சனிக்கிழமை மாடி அறையில் நாற்பது பேர். மேசையில் வெள்ளை ஒயின், உருளைக்கிழங்கு அப்பம். வெர்தியே தனி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, சிலைக்கு உட்காருபவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ரெஜின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். செவெரின் முதல் வாக்கியத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். கவிதையைப் பற்றித் தெரியாது. இந்தப் புத்தகத்தில் பிறந்த தேதி இல்லை, தெரு இல்லை, மனிதர்கள் இல்லை. ஆனால் பயந்தவர்கள் எதைப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள், வண்டி மட்டும் அந்தப் பக்கமே இழுக்கும். முசியே வெர்தியே தலையை வானத்துக்குத் திருப்பியிருக்கிறார். வார்த்தைகள் அவரைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே போகின்றன. 88, 141, 260, 377ஆம் பக்கங்களில் அவர் ஒரே ரவுண்டானாவுக்கு வருகிறார், சுற்றுகிறார், வெளியேறாமல் போகிறார். மூன்றாவது தெரு. பீங்கான் பன்றி. உள்ளே ஒருவர் பூதேன் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு இந்தப் புத்தகத்தில் பெயர் இல்லை. அந்தப் பூதேனைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கடையில் பூதேன் போடுவார்கள். அதைவிட நல்ல பூதேனை நான் சாப்பிட்டதில்லை. இந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அந்தக் கைப்பக்குவத்தில்தான் செய்யப்பட்டிருக்கிறது. செய்முறை சரியாக இருக்கிறது. கடையின் பெயர்ப்பலகைதான் இல்லை."

யாரோ இருமினார்கள். ஒயின் போத்தல் பக்கத்தில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். எழுதியவர் பேசக்கூடாது என்பதால் எல்லோரும் வெர்தியேயின் முகத்தையே பார்த்தார்கள். வெளிறிப்போயிருந்தது.

"வெள்ளிக்கிழமையா?" என்றார்.

"முசியே வெர்தியே," என்றார் செவெரின், "நீங்க பேசக் கூடாது."

"வெள்ளிக்கிழமை பூதேன் போடற பன்னிக்கடை இந்த நாட்டுலயே கிடையாது. வெள்ளிக்கிழமை விரதம், மாமிசம் கிடையாது. எங்கம்மா மாதா கோயில்ல பூ வைக்கறவங்க. எங்கப்பா வெள்ளிக்கிழமை கத்தியக்கூடத் தொடமாட்டார். வியாழக்கிழமை. வியாழக்கிழமை மட்டும்தான்."

அந்த அறையில் இருபது வருடமாக அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவருக்கு அப்பா இருந்த செய்தியை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

"வெள்ளிக்கிழமதான்," என்றார் ரெஜின். மாணவர் தப்பாகக் கியர் போடும்போது வருகிற குரல் அது. "எங்க வீட்ல வெள்ளிக்கிழமதான் சாப்டுவோம். ஜன்னலத் தொறந்து வச்சுட்டு."

"எதுக்கு ஜன்னல்?"

"எதிர்ல பாதிரியார் வீடு."

வெர்தியே அவரை உற்றுப் பார்த்தார். "தூசே," என்றார் மெதுவாக. "ரயில் பணிமனை தூசே. சிவப்புக்காரர். உங்கப்பாவா?"

"ஆமா."

"வியாழக்கிழமை சாயந்திரம் வருவார். ரெண்டு முழம். 'நாளைக்குப் பாதிரியாருக்கு வாசம் போகணும், வெங்காயத்தத் தூக்கலாப் போடுய்யா'ன்னு எங்கப்பாகிட்ட சொல்லுவார். எங்கப்பா எனக்குக் கண் காட்டுவார், நான் காகிதம் சுத்திக் குடுப்பேன். நீங்க சாப்டது முந்தின நாள் பூதேன். சூடு பண்ணது. சூடு பண்ணினா பாதி ருசி போயிடும். நீங்க ஒரு தடவகூட அத ஒழுங்கா சாப்டதில்ல மேடம்."

ரெஜின் கண்ணாடியைக் கழற்றினார். அறுபது வருடமாகத் தன் ஞாபகத்தில் அசையாமல் நின்றது அந்த வெள்ளிக்கிழமைதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அது பூதேனின் நாள் இல்லை, அப்பாவின் வம்பின் நாள்.

"அப்ப கையெழுத்துப் போடறீங்களா?" என்றார் செவெரின் ஆசையாக.

"எப்படிப் போடறது? பக்கத்துல தப்பு இருக்கு. மறுக்கறேன்."

செவெரின் ரெஜினைப் பார்த்தார். ரெஜின் அப்பத்தில் ஒரு துண்டு எடுத்துக் கடித்தார். வேறென்ன செய்வது.

மறுப்புத் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் இரண்டு கோடுதான் இருக்கும். வெர்தியே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். இரண்டு கோடு முடிந்தது. தாளைத் திருப்பினார். பிறகு இன்னொரு தாள் கேட்டார். அப்பம் தீர்ந்தது, நாற்காலிகளை மடக்கினார்கள், வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி மேசைக் காலுக்கு வந்தது. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் மூன்று தாளைச் செவெரினிடம் கொடுத்துவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைச் சைக்கிள் கூடையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

அந்த மூன்று தாளும் அலமாரியில் இருக்கின்றன, யாரும் போய்ப் பார்க்கலாம். இப்படி ஆரம்பிக்கிறது: "பக்கம் தவறானது. பூதேன் வியாழக்கிழமை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வியாழன் விடுமுறை. எனக்கு இல்லை. வாளியில் ரத்தம் உறையாமல் கிளறுவது என் வேலை. கையால். முழங்கை வரை. வெள்ளிக்கிழமை காலையில் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். லத்தீன் வகுப்பில் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். என் அப்பா பெயர் அனத்தோல். அவர் என் கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துவிடுவார், போகாது, மறுபடி தேய்ப்பார்." எண்ணிப் பார்த்தேன், மூன்று தாளில் எண்பத்தாறு முற்றுப்புள்ளி. இருபத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்.

விதி விதிதான். அடுத்த மாதம் முதல் செவ்வாய் ரெஜினின் பெயர் பட்டியலில் இல்லை. செவெரின் அழுதார். ரெஜின் அழவில்லை.

"ரெண்டு தடவ தோத்தா மறுதேதி குடுக்காத பரீட்சை இது ஒண்ணுதான்," என்றார் என்னிடம். "நானா இருந்தா குடுப்பேன்."

"அந்த இன்னொரு பக்கத்த வாசிச்சிருந்தா உள்ள இருந்திருப்பீங்க."

"உள்ள இருந்து? ஒவ்வொரு செவ்வாயும் அவர் மூஞ்சியப் பாக்கணுமே. ரோட்டுல ஒருத்தன் தப்பாப் போறான்னு தெரிஞ்சும் பிரேக்க மிதிக்காம உக்காந்ததில்ல நான்."

இருந்தாலும் அந்தச் செவ்வாய் மூன்று மணிக்கு அவருடைய கார் நூலக வாசலில்தான் நின்றது. பெர்னதெத்துக்கு இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தும் பயிற்சி என்றார். ஊரில் நிறுத்துவதற்கு வேறு இடமே இல்லாத மாதிரி. மாடி ஜன்னல் திறந்திருந்தது, கம்பிக் கூடை குலுங்கும் சத்தம் கீழே வரை கேட்டது. நான் செய்தி எடுக்க மேலே போகவேண்டியவன், படியிலேயே நின்றுவிட்டேன்.

வெர்தியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே போகவில்லை. காரின் ஜன்னலைத் தட்டினார். கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும்.

"மேடம் தூசே, ஒரு சந்தேகம். உங்கப்பா அதுக்குத் தொட்டுக்க என்ன வச்சுக்குவார்? கடுகா?"

"ஆப்பிள்," என்றார் ரெஜின். "வெண்ணெயில வதக்கின ஆப்பிள். எங்கம்மா பண்ணுவாங்க."

அவர் எழுதிக்கொண்டார். "என்ன ஆப்பிள்?"

"பழுப்பா, சொரசொரன்னு தோல் இருக்குமே, அது. உங்களுக்கெதுக்கு?"

"உங்கப்பா கடைக்கு வந்ததோட என் கத நின்னுபோச்சு. அந்தக் காகிதத்த வீட்ல பிரிச்சப்பறம் என்னாச்சுன்னு எனக்குத் தெரியாதே," என்றார் வெர்தியே. "ஜன்னல் எந்தப் பக்கம் தொறக்கும்? உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

ரெஜின் யோசித்தார். மேலே யாரோ ஒரு எண்ணைப் படித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏறி உக்காருங்க," என்றார் பின் கதவைத் திறந்து. "வீடு இன்னும் இருக்கு. போய்ப் பாத்துடலாம். ரவுண்டானாவுல மூணாவது தெரு வழியாத்தான் போகணும், பரவாயில்லையா?"

வெர்தியே சைக்கிளை நூலகக் கம்பியில் சாத்திவிட்டு ஏறினார். பெர்னதெத் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை குதித்து அணைந்தது.

"கண்ணாடி," என்றார் ரெஜின்.

முன்னால் பெர்னதெத், பின்னால் வெர்தியே, படியில் நான், மூவரும் தலையைத் திருப்பினோம்.